எமர்ஜென்சிக்குப் போட்ட பூட்டும் போடாமல் விட்ட பூட்டும்

1975 ஜூன் 25 இரவு அரசியல் சட்டத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. ராணுவம் தெருவுக்கு வரவில்லை. நெருக்கடி நிலையை அறிவிக்க இடம் தரும் 352வது பிரிவை எடுத்துப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். பிரதமர் இந்திரா காந்தி குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பக்ருதீன் அலி அகமது நள்ளிரவுக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார். உள்நாட்டுக் குழப்பத்தால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற ஒற்றை வரிதான் காரணம். அமைச்சரவையைக் கூட்ட இன்று இரவு வழியில்லை என்று பிரதமரின் கடிதமே சொன்னது. அரசின் அலுவல் விதிகளில் 12வது விதி அதற்கும் இடம் கொடுத்தது. மறுநாள் காலை 6 மணிக்கு அமைச்சரவை கூடி, முடிந்துபோன காரியத்துக்கு ஒப்புதல் தந்தது. அமைச்சர்கள் பெரும்பாலோருக்கு விஷயமே அப்போதுதான் தெரியும்.

ஓர் அரசு நெருக்கடி காலத்தில் எதுவரை போகலாம் என்ற கேள்விக்கு விடை தேடும்போது இந்த இரவிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். சட்டத்தை மீறி நடந்திருந்தால் சட்டத்தின் மேல் பழி இல்லை. இங்கே நடந்தது சட்டம் திறந்து வைத்திருந்த வழியில். அதனால்தான் 1978இல் அந்த வழியை அடைக்க வேண்டியிருந்தது. எதை அடைத்தார்கள், எதை அடைக்காமல் விட்டார்கள் என்பதில்தான் இன்றைய நம் நிலைமை இருக்கிறது.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். 1971 தேர்தலில் ரேபரேலியில் தோற்ற ராஜ் நாராயண் போட்ட வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா 1975 ஜூன் 12 அன்று இந்திராவின் வெற்றியை ரத்து செய்தார். ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராக இருக்கலாம், மக்களவையில் பேசலாம், ஓட்டுப் போடக் கூடாது. அடுத்த நாள் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் பெரும் கூட்டம். அன்று இரவே பிரகடனம். பிரதமரின் பதவிக்கு வந்த ஆபத்தும் நாட்டுக்கு வந்த ஆபத்தும் ஒன்றாக்கப்பட்டன. இதைக் கேட்கவும் சரிபார்க்கவும் வேண்டிய அமைப்பு எதுவும் அந்த இரவில் விழித்திருக்கவில்லை. இன்னொரு விஷயமும் உண்டு: 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலையே அப்போது வரை விலக்கப்படாமல் அமலில் இருந்தது. போர் முடிந்து மூன்றரை ஆண்டுகளாகியும் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருமுறை கைக்கு வந்த அதிகாரம் தானாகத் திரும்பிப் போகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இப்படி ஆகலாம் என்று எச்சரித்தவர்கள் அரசியல் நிர்ணய சபையிலேயே இருந்தார்கள். எச்.வி. காமத் 1949இல் இந்தப் பிரிவுகளைக் கடுமையாக எதிர்த்தார். ஜெர்மனியின் வைமர் அரசியல் சட்டத்தில் இருந்த நெருக்கடிப் பிரிவு ஹிட்லருக்கு எப்படி உதவியது என்பதை அவர் சபைக்கு நினைவுபடுத்தினார். பிரிவினைக் கலவரமும் காஷ்மீர்ப் போரும் கண்முன் இருந்த காலம் அது. வலுவான மத்திய அரசு வேண்டும் என்ற பயம் வென்றது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிகாரத்தை எழுதி வைத்த அளவுக்கு அதன் எல்லையை அவர்கள் எழுதி வைக்கவில்லை.

பிரகடனத்தை விட மோசமானது அடுத்து வந்த உத்தரவு. 1975 ஜூன் 27 அன்று 359வது பிரிவின் கீழ், 14, 21, 22 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் உரிமை நிறுத்தப்பட்டது. 21வது பிரிவு என்பது உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு. இன்னொரு பக்கம், விசாரணையில்லாமல் அடைத்து வைக்க இடம் தரும் மிசா சட்டத்தைத் திருத்தி, ஒருவரை ஏன் பிடித்தோம் என்று அவரிடமே சொல்லத் தேவையில்லை என்று ஆக்கினார்கள். காரணமும் தெரியாது, கேட்க நீதிமன்றமும் கிடையாது. நெருக்கடி நிலை நீடித்த 21 மாதங்களில் மிசாவிலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள் என்று பிறகு அமைந்த ஷா கமிஷன் கணக்கெடுத்தது.

ஆனாலும் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் தைரியமாக நின்றன. ஆட்கொணர்வு மனுவை நாங்கள் விசாரிப்போம், பிடித்தது சட்டப்படிதானா என்றாவது பார்ப்போம் என்றன. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. அதுதான் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை இருக்கும் வரை இல்லை என்றார் டே. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஏ.என். ரே, எம்.எச். பெக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி. கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவரான பெக்குக்குக் கொடுக்கப்பட்டது. கன்னா ராஜினாமா செய்தார்.

இந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை வழக்கில், வெளிப்படையாகச் சொன்னது. அப்படி எழுதியவர்களில் ஒருவர் அந்த நால்வரில் ஒருவரின் மகன், டி.ஒய். சந்திரசூட். நல்ல விஷயம்தான். ஆனால் 41 ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம், 1976இல் உள்ளே இருந்தவர்களுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. நெருக்கடி காலத்தில் நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இந்த வழக்கு போதும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது வெறும் டெல்லிக் கதை இல்லை. அன்றைய தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை எதிர்த்தது. முதல் ஏழு மாதம் இங்கே ஓரளவு மூச்சுவிட முடிந்தது. 1976 ஜனவரி 31 அன்று 356வது பிரிவின் கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது. சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடியவே சில வாரங்கள்தான் பாக்கி. உடனே மிசா கைதுகள். சென்னை மத்திய சிறையில் மு.க. ஸ்டாலின் உள்ளிட்டோர் தாக்கப்பட்டார்கள். முன்னாள் மேயரும் மக்களவை உறுப்பினருமான சிட்டிபாபு 1977 தொடக்கத்தில் இறந்துபோனார். சிறைக்குள் நடந்த அடி உதை பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரணையில் வெளிவந்தது. வெளியே பத்திரிகைத் தணிக்கை இருந்ததால் அப்போது இது எதையும் எழுத முடியவில்லை. கேட்க நீதிமன்றம் இல்லை, எழுதப் பத்திரிகை இல்லை என்று ஆன பிறகு சிறைக் காவலரின் கையைத் தடுக்க யார் இருப்பார்கள்?

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது, இந்திரா தோற்றார், மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. ஜனதா அரசு கொண்டுவந்த 44வது திருத்தத்தைச் சாதாரணச் சட்டத் திருத்தமாகப் படிக்க முடியாது. நெருக்கடி நிலை பற்றிய அதன் ஒவ்வொரு வரியும் 21 மாதங்களில் நடந்த ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்குப் பதில். பிரதமர் தனியாக முடிவெடுத்தாரா? இனி அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட முடியும். உள்நாட்டுக் குழப்பம் என்ற மழுப்பலான காரணமா? அதை எடுத்துவிட்டு, ஆயுதக் கிளர்ச்சி என்று போட்டார்கள். பொதுக்கூட்டமும் வேலைநிறுத்தமும் இனிக் காரணமாகாது. குடியரசுத் தலைவரின் திருப்தியே இறுதியானது, நீதிமன்றம் கேட்கக் கூடாது என்று 1975இல் செருகிய 38வது திருத்தத்தின் வரி நீக்கப்பட்டது. நாடாளுமன்ற ஒப்புதலுக்கான அவகாசம் இரண்டு மாதத்திலிருந்து ஒரு மாதமானது. அந்த ஒப்புதலும் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மையோடு, அதாவது மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரித்து, வரவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வாங்க வேண்டும். மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும். அதில் சாதாரணப் பெரும்பான்மையினர் பிரகடனம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டால் அது போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, 20, 21 ஆகிய பிரிவுகளை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது.

இவற்றில் எது உண்மையில் தாங்கும் பூட்டு? பலரும் சிறப்புப் பெரும்பான்மையைச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1971 தேர்தலில் இந்திராவின் காங்கிரஸ் மக்களவையின் 518 இடங்களில் 352ஐப் பிடித்திருந்தது. அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அதாவது இந்த விதி அன்று இருந்திருந்தால் மக்களவை அதைச் சுலபமாகத் தாண்டியிருக்கும். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் சிறையில் இருந்ததால் இன்னும் சுலபம். நாடாளுமன்ற ஓட்டு மட்டும் போதாது என்பதை இலங்கையில் நம்மவர்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள். அங்கே அவசரகால நிலையை மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும் என்று விதி இருந்தது. காகிதத்தில் பார்த்தால் நம்முடையதை விடக் கறாரான விதி. 1983 முதல் 2011 வரை, நடுவில் சில ஆண்டுகள் தவிர, மாதாமாதம் கை தூக்கி நீட்டித்துக்கொண்டே போனார்கள்.

என் பார்வையில் தாங்கக்கூடிய பூட்டு இரண்டுதான். ஒன்று, ஆயுதக் கிளர்ச்சி என்ற குறுகிய காரணம். அதைப் பொய்யாகச் சொன்னால் நீதிமன்றத்தில் கேட்க முடியும். இன்னொன்று, 21வது பிரிவில் கை வைக்க முடியாது என்பது. நிரேன் டேயின் பதிலை இன்று எந்த அரசு வழக்கறிஞரும் சொல்ல முடியாது. 44வது திருத்தத்துக்குப் பிறகு 352வது பிரிவின் கீழ் ஒரு பிரகடனம்கூட வரவில்லை. 1988இல் பஞ்சாபுக்காக மட்டும் அந்தப் பழைய காரணத்தைத் திரும்பக் கொண்டுவந்து 59வது திருத்தம் நிறைவேறியது. ஆனால் அதைப் பயன்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது.

356வது பிரிவின் கதை வேறு. அதற்குச் சரியான தடை வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. இந்தப் பிரிவு பயன்படாமலே கிடக்கும் என்று அம்பேத்கர் நம்பினார். நூறு முறைக்கு மேல் பயன்பட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியும் 1991இல் கருணாநிதி ஆட்சியும் இதில் போயின. 1991 கலைப்பில் ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ என்று பிரிவு சொல்வதால், அந்த வேறு வகையைப் பிடித்துக்கொண்டு கலைத்தார்கள். 1994 மார்ச்சில் வந்த எஸ்.ஆர். பொம்மை தீர்ப்புதான் நிலைமையை மாற்றியது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், கலைத்ததற்கான காரணத்தை நீதிமன்றம் ஆராயும், தவறாக இருந்தால் கலைத்த ஆட்சியைத் திரும்ப உட்கார வைக்கவும் முடியும் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதன் பிறகு ஆட்சிக் கலைப்புகள் கணிசமாகக் குறைந்தன.

சரி, அப்படியானால் பூட்டெல்லாம் போட்டாகிவிட்டதா? இங்கேதான் எனக்குக் கவலை.

44வது திருத்தத்தில் 3வது உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தடுப்புக் காவலைப் பற்றியது. குற்றம் செய்ததற்காக இல்லாமல், செய்துவிடக்கூடும் என்பதற்காக ஒருவரை விசாரணையே இல்லாமல் அடைத்து வைப்பதுதான் தடுப்புக் காவல். நம் அரசியல் சட்டம் இதை நெருக்கடி காலத்துக்கு என்று ஒதுக்கவில்லை. அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே, 22வது பிரிவில், எல்லாக் காலத்துக்குமாக அனுமதித்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால், காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது இப்போதைய விதி. 3வது உட்பிரிவு இதை இரண்டு மாதமாகக் குறைத்தது. அறிவுரைக் கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் அமைக்க வேண்டும், தலைவர் பணியில் இருக்கும் நீதிபதியாக இருக்க வேண்டும், மற்றவர்களும் உயர் நீதிமன்ற நீதிபதிகளாக இருப்பவர்களோ இருந்தவர்களோ ஆக வேண்டும் என்றது. அறிவுரைக் கழகத்தைத் தாண்டிப் போகும் வழியையும் அடைத்தது.

நாடாளுமன்றம் இதை நிறைவேற்றியது. 1979 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்தது. ஆனால் எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதை அரசு அரசிதழில் அறிவிக்கும் என்று திருத்தத்தில் எழுதியிருந்தார்கள். மற்ற உட்பிரிவுகளுக்குத் தேதி வந்தது. இதற்கு மட்டும் வரவேயில்லை. காங்கிரஸ், ஜனதா தளம், ஐக்கிய முன்னணி, பா.ஜ.க. என்று எல்லாரும் ஆண்டாகிவிட்டது. மிசாவில் உள்ளே இருந்தவர்களே பிரதமர்களாகவும் அமைச்சர்களாகவும் வந்துபோனார்கள். ஒருவரும் அந்தத் தேதியைக் குறிக்கவில்லை.

தன்பாத் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்த ஏ.கே. ராய், தேசியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தில் தான் அடைக்கப்பட்டபோது இதை எழுப்பினார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்பை அரசு அமலாக்காமல் வைத்திருப்பது நியாயமா என்பது கேள்வி. 1981 இறுதியில் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, அமல்படுத்து என்று அரசுக்கு உத்தரவிட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து இன்று வரை அதே நிலைதான்.

இதன் விளைவை நாம் அன்றாடம் பார்க்கிறோம். நாம் குண்டாஸ் என்று சொல்லும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில், மாவட்ட ஆட்சியரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஓராண்டு வரை உள்ளே. கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று தொடங்கிய பட்டியலில் பிறகு திருட்டு வீடியோ, மணல் கடத்தல், இணையக் குற்றம் எல்லாம் சேர்ந்தன. தடுப்புக் காவலை அதிகம் பயன்படுத்தும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. 2017இல் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி, மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப் போனதையொட்டி இதே சட்டத்தில் அடைக்கப்பட்டார். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்தாகும் உத்தரவுகள் ஏராளம்: ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கொடுக்கவில்லை, மனுவைக் காலத்தில் பரிசீலிக்கவில்லை என்று காரணங்கள். ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதங்கள் போய்விடும். உத்தரவு தோற்றாலும் அடைத்து வைக்கும் நோக்கம் நிறைவேறிவிடுகிறது. எந்தப் பிரகடனமும் இல்லை, நாடாளுமன்ற ஓட்டும் இல்லை, யாரும் இதை நெருக்கடி நிலை என்று சொல்வதும் இல்லை.

பெயர் சொல்லாத நெருக்கடி அதிகாரத்தின் மிகப் பெரிய உதாரணம் 2020. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நான்கு மணி நேரத்தில் நாடு முழுக்க ஊரடங்கு. 1975இல்கூட இத்தனை கோடிப் பேர் ஒரே நாளில் வீட்டுக்குள் வைக்கப்படவில்லை. 352வது பிரிவு இதற்குத் தேவைப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் போதுமானதாக இருந்தது. சுனாமி, புயல், நிலநடுக்கம் போன்றவற்றை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. அதில் உத்தரவுகளை ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தில் வைத்து ஓட்டெடுக்க வேண்டும் என்றோ, இத்தனை மாதத்தில் காலாவதியாகும் என்றோ எந்த விதியும் கிடையாது. மார்ச் 23 அன்று ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம் மறுபடி கூடியது செப்டம்பர் 14 அன்று. அந்த இடைவெளியில்தான் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அந்த இடைவெளியில்தான், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் போலீஸ் பிடித்துப் போனது. இருவரும் உயிரோடு திரும்பவில்லை. தொற்றுநோய்க்கு ஊரடங்கு தேவைப்பட்டதா என்பது இங்கே என் கேள்வி இல்லை. தேவைப்பட்டிருக்கலாம். தேவைப்படும் அதிகாரத்துக்கும் ஒரு கேட்பார் வேண்டும் அல்லவா?

அதே ஆண்டில் நம்பிக்கை தந்த ஒரு தீர்ப்பும் வந்தது. குஜராத் அரசு தொழிற்சாலைச் சட்டத்தின் 5வது பிரிவைப் பிடித்து, பொது நெருக்கடி என்று சொல்லி, ஒரு நாளில் 12 மணி நேர வேலைக்கு அனுமதி கொடுத்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளமும் வேண்டாம் என்றது. போர், வெளித் தாக்குதல், உள்நாட்டுக் குழப்பம் ஆகியவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்தால்தான் அது பொது நெருக்கடி என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருந்தது. அரசியல் சட்டத்திலிருந்து 1978இல் எடுத்த அதே காரணம் ஒரு சாதாரணச் சட்டத்தில் உயிரோடு இருந்திருக்கிறது. பொருளாதார நெருக்கடி அந்த வகையில் வராது, அதன் சுமையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 1975இன் பாடத்தைச் சரியாகப் படித்த தீர்ப்பு என்று இதைச் சொல்வேன்.

தற்காலிக அதிகாரம் சாதாரணச் சட்டத்துக்குள் குடியேறினால் என்ன ஆகும் என்பதற்கு மறுபடி இலங்கையைத்தான் பார்க்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979இல் மூன்று ஆண்டுக்கான தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். 2011இல் அவசரகால நிலை முடிந்தது. அந்தச் சட்டம் முடியவில்லை. அதில் பிடிபட்ட தமிழ் இளைஞர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் விசாரணை இல்லாமல் இருந்தார்கள்.

இங்கே செய்ய வேண்டியது பெரிய அரசியல் சட்டப் புரட்சி எதுவும் இல்லை. 3வது உட்பிரிவுக்கு மத்திய அரசு ஒரு தேதி குறித்து அரசிதழில் போட்டால் போதும்; புதுத் திருத்தமோ, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோ எதுவும் தேவையில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில், நாடு முழுக்கப் பொருந்தும் உத்தரவு எதுவானாலும் ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் பெறாவிட்டால் காலாவதியாகும் என்று சேர்க்கலாம். குண்டர் சட்டமோ மாநிலச் சட்டம். அறிவுரைக் கழகத்தை உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் கொண்டு அமைப்பது, இரண்டு மாதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது, முதல் முறை பிடிபடுபவர் மேல் அதைப் போடாமல் இருப்பது ஆகியவற்றை டெல்லியைக் கேட்காமல் தமிழ்நாடு சட்டமன்றமே திருத்தி எழுதத் தொடங்கலாம். மிசாவின் தழும்பைச் சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சி இந்த மாநிலத்தைப் பலமுறை ஆண்டிருக்கிறது. குண்டர் சட்டத்தின் பட்டியலை நீட்ட இங்கே சட்டமன்றம் பலமுறை கூடியிருக்கிறது. அதைச் சுருக்கவும் ஒருமுறை கூட வேண்டும்.